பதினான்கு காற்றுநாக்குகள்

அத்தியாயம் 9

இந்தக் காலத்தில் பிள்ளை தும்மினாலும் கைதட்டுகிறார்கள். விழுந்தாலும் கைதட்டு, எழுந்தாலும் கைதட்டு. பதிலைத் தப்பாகச் சொன்னால், "பரவாயில்லை, முயற்சி பண்ணினியே" என்று அதற்கும் ஒரு கைதட்டு. அப்படியானால் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு என்னதான் மிச்சம் வைப்பார்கள்? மான்கில் கிழவருக்கு இது மட்டும் விளங்கவேயில்லை.

முக்ஹோ துறைமுகத்தில் அவர் நாற்பது வருஷம் நிலக்கரி சுமந்தவர். ஒருத்தனும் அவருக்குக் கைதட்டியதில்லை. தப்பு செய்தால் மேஸ்திரி தட்டுவான். முதுகில்.

அந்தக் கைதட்டல் இப்போது அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பேத்தி நாரேயால்.

நாரேக்குப் பதினொரு வயது. அவள் அப்பன் ஜோங்சு கணவாய் பிடிக்கிற படகில் போகிறவன். போனால் மாதக்கணக்கில் கடல்தான். இரண்டு வருஷத்துக்கு முன் புயலில் ஒன்பது நாள் அவன் படகைப் பற்றித் தகவலே இல்லை. அவன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அந்த ஒன்பது நாளில் பள்ளிக்கூடத்தில் வாயை மூடிய பெண் மறுபடி திறக்கவில்லை. வீட்டில் பேசுவாள்; பள்ளி வாசலைத் தாண்டினால் ஊமை. ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தாள் பாங் டீச்சர். "வீட்டில் எது தொல்லை கொடுக்கிறது என்று பாருங்கள். குப்பையில் கிடப்பதை வைத்தே அதைத் தீருங்கள்" என்றாள் பிள்ளைகளிடம். நாரே வீட்டுத் தரையைச் சூடாக்கும் எரிவாயுப் பாய்லரைப் பார்த்தாள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் புகைக்குழாய்க்குள் கடல் காற்று எதிர்த்து அடித்தால் பாய்லர் அணைந்துவிடும், தரை சில்லிட்டுப்போகும். மலைச்சரிவில் வீட்டுக்கு வீடு இதே கூத்துதான். பெரிய சூரைமீன் டின்னை வளையமாக வெட்டி, அதன் மூடியைக் கம்பியில் தொங்கவிட்டு, குழாயின் வாயில் மாட்டினாள். பாய்லர் மூச்சுவிட்டால் மூடி திறக்கும். காற்று உள்ளே தள்ளினால் மூடிக்கொள்ளும். காற்றுநாக்கு என்று அவளே பெயர் வைத்தாள்.

நகரப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த மேடையில் அவள் பேசினாள். நாலே நாலு வாக்கியம். டீச்சர் அழுதாள். மருமகள் ஹேரான் மூன்று நாள் அழுதாள்.

அதன்பின் சரிவில் பதினான்கு வீடுகளில் காற்றுநாக்கு ஏறிவிட்டது. இன்று ஒன்பது மணிக்கு மாகாணப் போட்டியின் நடுவர்கள் தலைநகர் சுன்சொனிலிருந்து நேரில் பார்க்க வருகிறார்கள்.

"இதுல ஒருநாள் எவனாவது போய்ச் சேருவான்" என்று மான்கில் முதல் நாளே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. வாங்காததிலும் நியாயம் இருந்தது. மைக்ரோவேவ் வந்தபோது ரத்தம் கெட்டுப்போகும் என்றவர் அவர். மகன் காதுக்கருவி வாங்கித் தந்தபோது அது மூளையைச் சுடும் என்று அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தவரும் அவர்தான்.

அன்று காலை ஆறரைக்கு எழுந்தபோது அவர் தலையை யாரோ ஈரத்துணியால் இறுக்கிக் கட்டியது போல் இருந்தது.

*

எழுந்து நின்றார். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், யோசிக்காமலே முள்ளங்கி ஊறிய கிம்ச்சி ஜாடியைத் திறந்து அதன் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். மூன்றாவது மடக்கில்தான் தன் கை என்ன செய்கிறதென்று அவருக்கே உறைத்தது.

பதினெட்டு வயதில் இதே மலையில், இதே போல ஒரு காலை. அப்போதெல்லாம் தரைக்கு அடியில் துளைபோட்ட கரி உருளையை எரிப்பார்கள். அதன் விஷவாயு ராத்திரி விரிசல் வழியாக ஏறிவிட்டது. யாரோ அவரை முற்றத்துப் பனியில் கிடத்தி வாயில் முள்ளங்கித் தண்ணீரை ஊற்றினார்கள். அதுதான் அன்றைய வைத்தியம். பக்கத்தில் தங்கை சுன்தோக்குக்கும் ஊற்றினார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஊற்றியது எல்லாம் அவள் கன்னத்தோரமாக வழிந்துபோனது.

"மாமா, உங்களுக்குமா தலைவலி?" ஹேரான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். நல்ல கோட்டை இப்போதே மாட்டியிருந்தாள். "எனக்கும் மண்டை பிளக்குது. ராத்திரி பூரா தூக்கமில்ல. நடுவருங்க வர்ற பயம்தான் போல."

"நாரே எங்க?"

"எழுப்பி எழுப்பிப் பாக்கறேன், மறுபடி சாயுறா. என்னிக்கும் இப்படிப் பண்ண மாட்டா."

கிழவர் கிண்ணத்தை வைத்தார். செருப்பைப் போட்டும் போடாமலும் வெளியே போனார். பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. இந்தப் பனிக்காலத்தில் முதல் உண்மையான குளிர். மூக்குமயிர் விறைத்தது.

வீட்டின் பின்சுவரில் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பாய்லர் ஓடும் சத்தம் கேட்டது. குழாயிலிருந்து ஆவி வரவில்லை. ஒரு இழைகூட.

காற்றுநாக்கின் மூடி வளையத்தோடு ஒட்டிப்போய், மேலே வெள்ளைப் பனிக்கட்டி தடித்துக் கிடந்தது. பாய்லரின் மூச்சில் இருந்த ஈரமே அங்கே உறைந்து வாயைத் தைத்துவிட்டது.

அவர் கத்தவில்லை. உள்ளே போய் பாய்லரை அணைத்தார். எல்லா ஜன்னலையும் திறந்தார். போர்வையோடு நாரேயைத் தூக்கிவந்து முற்றத்தில் உட்கார வைத்தார். பிறகு குறடை எடுத்துக்கொண்டு போய் காற்றுநாக்கை வளையத்தோடு பிடுங்கினார்.

"மாமா!" ஹேரான் அலறினாள். "என்ன பண்றீங்க? ஒன்பது மணிக்கு அவங்க வராங்க! முதல் வீடே நம்ம வீடுதான்!"

"ஒறஞ்சு போச்சு. பொகை வெளிய போகாம உள்ள வருது. தலைவலி எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்ச?"

"பயத்துல வந்துச்சு! நீங்க பண்ற கூத்துலயும் வருது!"

"அடியே, இதோ பாரு. அசையுதா பாரு."

"ஆரம்பத்துலேருந்தே உங்களுக்கு இது புடிக்கல. மைக்ரோவேவுல சாவோம்னீங்க. செத்தோமா? அந்தக் காதுமெஷின்ல சாவோம்னீங்க. இன்னிக்கு நம்ம புள்ள வாயைத் தொறக்குற நாளு, இன்னிக்குத்தான் உங்களுக்கு இது உறையணுமா?" அவள் குரல் உடைந்தது. சட்டென்று தாழ்ந்தது. "அவ காதுல விழப்போகுது மாமா. மெதுவாப் பேசுங்க."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நாரே முற்றத்தில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் முகம் கழுவி, நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த மௌனத்தைப் பார்த்ததும் கிழவர் குறடைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் வாயை மறுபடி பூட்டிவிட்டேனோ?

"அவ்ளோ சந்தேகமா இருந்தா கேஸ்காரங்களக் கூப்புட்டுக் காட்டுவோம்" என்றாள் ஹேரான், கொஞ்சம் தணிந்து. "வருஷத்துக்கு ரெண்டு தடவ வராங்கல்ல. இந்தத் தடவ வந்தாங்களா, என்னன்னே தெரியல."

கிழவர் அந்தப் பேச்சுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பனிக்கட்டி ஒட்டிய காற்றுநாக்கைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

*

இன்னும் பதின்மூன்று வீடு.

முதலில் சொங்ஜுக்காரம்மா. சொங்ஜு ஊரிலிருந்து வந்தவள், எழுபது வயது, தனிக்கட்டை. அவளுடைய குழாயில் காற்றுநாக்கே இல்லை. ஆவி குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது.

"அதுவா? ராத்திரியெல்லாம் டக்கு டக்குன்னு தட்டுச்சு. செத்துப்போன மனுஷன்தான் கதவத் தட்டுறாரோன்னு நெனச்சேன். உயிரோட இருந்தப்பவே தொறந்து விட்டதில்ல, இப்பவா தொறப்பேன்? புடுங்கி நாய்க்கு உருட்டி விளையாடப் போட்டுட்டேன்." அவள் கிழவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"நல்லது பண்ணின. அப்படியே இருக்கட்டும்."

"அடேயப்பா. நீ என்னைப் பாராட்டுறியா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அடுத்த வீட்டில் தகர வேலை செய்கிற மாங். பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தான். கழற்று என்றதும் நுரையோடு சிரித்தான்.

"பெரியவரே, போன மாசம் என் பாய்லர் வாரத்துல நாலு நாள் அணையும். இத மாட்டினதுலேருந்து ஒரு தடவகூட அணையல. உங்க பேத்தி மாட்டினது. அவ வந்து கழட்டச் சொல்லட்டும், கழட்டறேன். நீங்க சொல்றதையெல்லாம் கழட்டினா இந்த மலையில ஒரு வீட்டுலயும் கரண்டுகூட இருக்காது."

உள்ளேயிருந்து ஏதோ கீங் கீங் என்று கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"புது பாய்லர்ல ஒரு அலாரம் வச்சிருக்கான். காலையிலேருந்து கத்துது. பேட்டரிய புடுங்கணும்."

"டேய்! புடுங்காதடா! ஜன்னலத் தொறடா முதல்ல!"

மாங் கதவைச் சாத்திக்கொண்டான். சற்று நேரத்தில் கீங் கீங் சத்தமும் நின்றது.

கிழவர் பின்புறமாகச் சுற்றிப் போய் மாங் வீட்டுக் காற்றுநாக்கைத் தானே பிடுங்கினார். மாங் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினான். கத்தவாவது ஜன்னலைத் திறந்தானே, அதுவரைக்கும் சரி.

இப்படியே வீடு வீடாகப் போனால் மத்தியானம் ஆகிவிடும். பாதி வீட்டுக் குழாய்க்குப் பூட்டிய முற்றத்துக்குள்தான் வழி. அவர் பேச்சை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நாரே சொன்னால் நம்புவார்கள். டீச்சர் சொன்னால் நம்புவார்கள்.

பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார். ஓடவே முயன்றார், முட்டி விடவில்லை.

*

ஆசிரியர் அறை அடுப்பு போலச் சுட்டது. பாங் டீச்சர் அவருக்கு நாற்காலி போட்டாள், பார்லி டீ கொடுத்தாள், அவர் சொன்னது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். கிழவருக்கு அந்த மரியாதையே பிடிக்கவில்லை.

"எடுத்துக் காட்டுங்க ஐயா, பாக்கலாம்."

பைக்குள் கைவிட்டார். கை நனைந்தது. காற்றுநாக்கை வெளியே எடுத்தார். பனிக்கட்டி எல்லாம் உருகிப் போயிருந்தது. மூடி கம்பியில் இலேசாக ஆடியது, புதிதாகச் செய்தது போல. டீச்சர் விரல்நுனியால் தள்ளினாள். திறந்தது, மூடியது.

"நல்லாத்தானே ஆடுது ஐயா."

"இப்ப ஆடும். வெளிய ஆடாது."

"நவம்பர் பூரா வெளியதான சோதிச்சோம். ஒரு நாள் விடாம."

"நவம்பரா! நவம்பர் ஒரு குளிரா? நீ எந்த ஊரு?"

"யோசு, ஐயா."

"அங்க பனிக்காலத்துலயே பூ பூக்குமாம். நீ இந்தக் கரையில ஒரு டிசம்பரப் பாத்திருக்கியா?"

டீச்சர் மூடியை மறுபடி ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று நகர்ந்தது. ஆனால் அப்போது தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, நடுவர்களின் கார் வந்துவிட்டது, நேரத்துக்கு முன்னாலேயே, என்றார். டீச்சரின் முகம் மறுபடி கூடியது. "ஐயா, நிகழ்ச்சி முடியட்டும். நானே உங்களோட வீடு வீடா வரேன். ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரத்துல சுன்தோக் போயிட்டா."

"யாரு?"

கிழவர் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

கதவருகே நாரே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. நேராக வந்து தாத்தாவின் கையிலிருந்து காற்றுநாக்கை எடுத்தாள். அவரையும் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. திரும்பிச் சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம் போய்விட்டாள்.

'உடைக்கப் போகிறாள்' என்று நினைத்தார் கிழவர். உடைக்கட்டும்.

*

உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று நடுவர்கள். பின்வரிசையில் ஹேரான், நல்ல கோட்டில், கையைப் பிசைந்துகொண்டு. கிழவரைப் பார்த்ததும் அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்: ஒன்றும் பேசாதீர்கள்.

எல்லாம் ஆரம்பிக்க இருபது நிமிஷம் ஆனது. வரவேற்பு, பூங்கொத்து, புகைப்படம். இங்கே யாராவது கேட்டால்தான் மேலே கதவு திறக்கும் என்று காத்திருந்த அந்த இருபது நிமிஷமும் கிழவர் உட்காரவில்லை. மேலே சரிவில் பதினொரு பாய்லர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பெயர் கூப்பிட்டதும் நாரே மேடைக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு. அதன் மேல் துணி போர்த்தியிருந்தது. மைக்கின் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஹேரானின் உதடுகள் அவளுக்காக அசைந்தன.

"இது காற்றுநாக்கு" என்றாள் நாரே.

கூடத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"எங்க தாத்தா உறைஞ்சு போச்சுன்னு சொன்னாரு. யாரும் நம்பல. நானும் நம்பல. அதனால இதக் கொதிக்கிற கெட்டில் ஆவியில காட்டினேன். அப்புறம் சாப்பாட்டுக்கூடத்து ஃப்ரீசர்ல வச்சேன். ரெண்டு தடவ மாத்தி மாத்தி."

துணியை எடுத்தாள். மூடியைத் தள்ளினாள். அசையவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். அசையவில்லை. டீச்சர் கொண்டுவந்திருந்த முடி உலர்த்தும் மெஷினின் காற்றை வளையத்துக்குள் பிடித்துக் காட்டினாள். காற்று முழுக்க அவள் முகத்துக்கே திரும்பி வந்து முடியைப் பறக்கவிட்டது.

"திறக்கல. காத்து திரும்பி உள்ளதான் வருது. நான் காத்து எப்படி வரும்னு மட்டும்தான் யோசிச்சேன். தண்ணிய யோசிக்கல." அவள் நிறுத்தினாள். "இது தப்பு. நான் பண்ணது தப்பு."

பிறகு நடுவில் இருந்த நடுவர், கண்ணாடி போட்ட அம்மாள், எழுந்து நின்றாள். கைதட்டினாள். "தன் கண்டுபிடிப்பைத் தானே சோதித்து, குறையைத் தானே சொல்லும் பிள்ளையை நான் இந்த இருபது வருஷத்தில் பார்த்ததில்லை!" என்றாள். மற்ற இருவரும் எழுந்தார்கள். தலைமையாசிரியர் எழுந்தார். பிள்ளைகள் எழுந்தார்கள். ஹேரான் அழுதுகொண்டே தட்டினாள். கூடமே அதிர்ந்தது.

"நிறுத்துங்கடா!"

கிழவரின் குரல் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரைக்குக் கத்திப் பழகிய குரல். தட்டிய கைகள் அப்படியே நின்றன.

"அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு காதுல விழுந்துச்சா இல்லையா? இது மாதிரி இன்னும் பதினொண்ணு அங்க மாட்டியிருக்கு! உள்ள ஆளுங்க இருக்காங்க! கைய தட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, காலுக்கு என்ன கேடு?"

முதலில் ஓடியது பாங் டீச்சர். பள்ளிக்குள் போடும் செருப்பைக்கூட மாற்றாமல்.

*

நாரேயின் நோட்டில் பட்டியல் இருந்தது. வீட்டு எண், பெயர், மாட்டிய தேதி. டீச்சர் ஃபோனில், ஹேரான் ஃபோனில், நடுவர் அம்மாள்கூடப் பட்டியலைப் பங்குபோட்டு அழைத்தாள். "ஜன்னலத் திறங்க. பாய்லர அணைங்க. வெளிய வாங்க." பத்து வீட்டில் பதில் வந்தது. மூன்று வீட்டில் தலைவலி என்றார்கள். ஒரு வீட்டில் மாமியார் காலையிலிருந்து வாந்தி எடுப்பதாகவும், நேற்றுத் தின்ற சிப்பி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்ததாகவும் சொன்னார்கள்.

ஒன்பதாவது எண் வீட்டில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தாக் கிஹோ. முப்பது வயது. சிமெண்ட் ஆலையில் இரவு வேலை. காலை ஏழுக்கு வந்து, பாய்லரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, சாயங்காலம் வரை தூங்குகிறவன்.

அவன் செருப்பு வாசலில் இருந்தது. கதவு உள்ளே தாழ். குழாயின் வாயில் காற்றுநாக்கு, வெள்ளையாக, இறுக மூடிக்கொண்டு.

ஜன்னலை உடைத்தது மாங். காலையில் கிழவரைத் திட்டிய அதே மாங். ஒன்றும் பேசாமல் சுத்தியலோடு வந்து உடைத்தான். இரண்டு பேராகக் கிஹோவைப் போர்வையோடு இழுத்து வெளியே போட்டார்கள். அவன் முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமானவன் முகம் போல இருந்தது. கிழவர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். சுன்தோக்கின் கன்னமும் அன்று அப்படித்தான் இருந்தது. எவ்வளவு அழகாகத் தூங்குகிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

"மூச்சு இருக்கு" என்றான் மாங். "இருக்கு, இருக்கு."

சொங்ஜுக்காரம்மா முள்ளங்கித் தண்ணீர்க் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "வாயில ஊத்தாத!" என்று கிழவர் அதைத் தட்டிவிட்டார். கிண்ணம் பனியில் உருண்டது. ஏன் தட்டினார் என்று அவருக்கே தெரியாது.

ஆம்புலன்ஸ் சரிவில் பாதி தூரம்தான் ஏறும். மீதி தூரம் தூக்கிக்கொண்டு போனார்கள். நாரே பக்கத்தில் நடந்தாள். வண்டிக் கதவு சாத்தியதும் நோட்டில் ஒன்பதாவது பெயருக்கு எதிரே எதையோ எழுதப் போனாள். எழுதவில்லை. நோட்டை மூடினாள்.

அதன்பின் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

சாயங்காலம் நாலரை. வகுப்பறையில் நாலு பேர். பாங் டீச்சரின் கண்கள் வீங்கியிருந்தன.

"நாளைக்குப் போலீஸ் வருவாங்க" என்றாள். "என்னைத்தான் கேப்பாங்க, கேக்கட்டும். மாட்ட அனுமதிச்சது நான். நாரே, உன் மேல எதுவும் வராது. ஆனா வேற யாரோ சொல்றதுக்கு முன்னாடி, எங்க தப்பு நடந்துச்சுன்னு நாமளே கண்டுபுடிப்போம். எப்பவும் பண்ற மாதிரி."

அவர்கள் எப்போதும் செய்வது இதுதான்: பலகையில் நடந்ததை எழுதுவது, அதன் கீழே 'ஏன்?' என்று போடுவது, பதிலை எழுதி அதன் கீழே மறுபடி 'ஏன்?' போடுவது. ஐந்து முறை.

ஹேரான் ஃபோனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கங்னுங் மருத்துவமனையிலிருந்து இன்னும் சேதி இல்லை. கிஹோ கண் திறக்கவில்லை என்பது மட்டும்தான் கடைசியாகத் தெரிந்தது.

"மாமா" என்றாள் மெல்ல. "காலையில நான் பேசினது..."

"விடு."

"நீங்க மட்டும் இல்லன்னா..."

"விடுன்னு சொல்றேன்ல."

நாரே சாக்பீஸை எடுத்தாள். வாய் பேசாமல், கையால் மட்டும்.

*மூடி உறைந்தது. ஏன்? ஆவியில் ஈரம் இருந்தது. யோசிக்கவில்லை. ஏன்? நவம்பரில் மட்டும் சோதித்தோம். ஏன் பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை? யாருக்கும் பாய்லர் தெரியாது. தெரிந்தவர் ஏன் பார்க்கவில்லை?*

அங்கே நின்றாள். நோட்டைத் திறந்து, பின் அட்டையின் உறையிலிருந்து ஒரு சின்னத் துண்டுச்சீட்டை எடுத்தாள். மஞ்சள் சீட்டு, மூலையில் பசை காய்ந்திருந்தது. கையில் கிடைக்கும் காகிதத்தை எல்லாம் சேர்த்து வைக்கிற பெண் அவள்.

கிழவர் தூரத்திலிருந்தே அதை அடையாளம் கண்டுகொண்டார்.

"நம்ம கதவுல ஒட்டியிருந்துச்சு" என்றாள் நாரே.

பேசிவிட்டாள். ஹேரானின் கை வாய்க்குப் போனது. பகல் முழுவதும் இந்தக் குரலுக்காகத்தான் மூவரும் காத்திருந்தார்கள்.

"நவம்பர் ஒன்பது. பத்து நாப்பது. எரிவாயுப் பரிசோதனைக்கு வந்தோம், வீட்டில் ஆள் இல்லைன்னு எழுதியிருக்கு." நாரே சீட்டைப் பலகையில் காந்தத்தால் மாட்டினாள். "அன்னிக்கு நம்ம வீட்டுல மட்டும்தான் காற்றுநாக்கு இருந்துச்சு. மத்த பதின்மூணும் அதுக்கப்புறம்தான் மாட்டினேன். பரிசோதனைக்கு வர்ற அக்கா பாத்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. நான் வேற யாருக்கும் மாட்டியிருக்க மாட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிற பிள்ளையின் குரல். "அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. நான் இங்க இருந்தேன். அப்பா கடல்ல."

திரும்பிப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்க எங்க இருந்தீங்க?"

அன்று பரிசோதனைக்கு வந்த நீலச் சட்டைக்காரி. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். 'ஐயா, டிவி சத்தம் கேக்குது, ரெண்டே நிமிஷம் ஐயா.' வந்தால் அதை மாற்று, இதை மாற்று என்று தலையில் கட்டிவிட்டுப் போவார்கள் என்று, டிவியை விட்டு எழுந்திருக்காமலே அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: 'வீட்டுல யாரும் இல்ல!'

அவள் சிரித்தது இன்னும் காதில் இருந்தது. சிரித்துவிட்டுத்தான் சீட்டை ஒட்டிவிட்டுப் போனாள்.

"மாமா?" என்றாள் ஹேரான்.

கிழவர் எழுந்தார். தொப்பியைத் தேடினார். அது அவர் தலையிலேயே இருந்தது.

"அவ வந்து பாத்து மட்டும் என்ன கிழிச்சிருப்பா?" என்றார். "அவனுங்களும் உங்கள மாதிரி கைதட்டிட்டுப் போயிருப்பானுங்க."

கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்கு வந்தார். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்களாம். கேட்டுக் கேட்டு என்ன ஆயிற்று? ஒருத்தன் அங்கே கண்மூடிக் கிடக்கிறான். இதனால் ஒரு உயிர் பிழைத்தது என்று யாராவது வந்து காட்டட்டும், அப்போது பார்க்கலாம்.

அவர் பாதி தூரம் போவதற்குள் வகுப்பறையில் ஃபோன் மணி அடித்தது. மருத்துவமனையாகத்தான் இருக்கும். கிழவர் நிற்கவில்லை. இரண்டாம் மணியோடு அது நின்றது, ஹேரான் எடுத்துவிட்டாள். அவள் என்ன பேசினாள் என்பது காதில் விழவில்லை.

சாக்பீஸ் பலகையில் கீறும் சத்தம் மட்டும் விழுந்தது. நாரே அடுத்த வரியை எழுத ஆரம்பித்திருந்தாள்.

கிழவர் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலைத் தாண்டிக் குளிருக்குள் நடந்தார்.